பதினாலு வியாழக்கிழமை

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், கோகிலவாணி பத்தேகாலுக்கே வந்துவிட்டாள், இப்போது மணி பதினொன்று இருபது, இன்னும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள், அவளுக்குத் தெரியும், காக்க வைப்பதும் வசூலில் சேர்த்திதான், ஒரு மணி நேரம் இந்தப் பெஞ்சில் உட்கார வைத்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் குரல் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இறங்குகிறவர்களுக்கு இறங்கட்டும். என் குரல் பதினொரு வருசமாக ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேலே போய்ப் பழகின குரல், அது வட்டிக்கு விடுகிற ராக்கியண்ணனின் மின்விசிறிக்கு அடியிலா இறங்கிப் போகும்? விசிறி கடகடவென்று சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. திருப்பூரில் வைகாசி மாதம் மாடி அறையில் உட்கார்ந்தால் முதுகு நனையத்தான் செய்யும், பயத்தால் நனைகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், போர்த்தியதும் இன்னும் நனைந்தது. காலையில் மூன்று சேலை மாற்றியாயிற்று. நல்ல சேலை கட்டினால் இவளிடம் பணம் இருக்கிறது என்பார்கள், பழசைக் கட்டினால் இவள் கதை முடிந்தது என்று சனிக்கிழமை வரைகூடப் பொறுக்காமல் இன்றைக்கே டெம்போவை அனுப்பிவிடுவார்கள். கடைசியில் கம்பெனிக்குக் கட்டுகிற நீலச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். நான் கம்பெனிக்காரி, கம்பெனிக்காரியாகத்தான் வருவேன். டெம்போ. மறுபடி அந்த டெம்போ வந்துவிட்டது பார், எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. சனிக்கிழமைக்குள் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வைக்காவிட்டால் பன்னிரண்டு மெஷினையும் டெம்போவில் ஏற்றிவிடுவோம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஐந்து வெற்றுச் செக்கிலும் இஷ்டத்துக்குத் தொகை எழுதி பேங்கில் போட்டுவிடுவோம் என்று நேற்று ஃபோனில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு செவ்வாய்க்கிழமை.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரமாம். எப்படி வந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்? காகிதத்தில் மூன்று லட்சம், கையில் கொடுத்தது இரண்டு லட்சத்து அறுபதாயிரம், மீதி முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள், அது தெரிந்துதான் வாங்கினாள், நான்கு மெஷின் எடுக்க வேண்டியிருந்தது, குழந்தைகள் பேண்ட் ஆர்டர் பெரிதாக வந்திருந்தது, பேங்கில் கேட்டால் ஆறு மாதம் இழுப்பான், ராக்கியண்ணன் ஆறு மணி நேரத்தில் கொடுத்தார். வாரம் ஆறாயிரம், ஐம்பது வாரம். இருபத்திரண்டு வாரம் கட்டினது வசூல் கார்டில் இருக்கிறது. கடைசி ஐந்து வாரம் கட்டவில்லை, அதை அவளே ஒத்துக்கொள்கிறாள், ஒன்பதாயிரம் பீஸ் தைத்துக் கொடுத்தும் ஆர்டர் கொடுத்தவன் பணத்தை நிறுத்திவிட்டான். நடுவில் இருக்கிற அந்தப் பதினாலு வாரம்தான் வில்லங்கம். கட்டினாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கட்டினாள். ஆனால் ராக்கியண்ணன் நோட்டில் பதினாலும் வெள்ளையாக இருக்கிறதாம். ஆக, அவள் கணக்குப்படி பாக்கி எண்பத்து நான்காயிரம், அவர் கணக்குப்படி ஒரு லட்சத்து அறுபத்தெட்டு, அதன் தலையில் அபராதம் நாற்பத்திரண்டு. அட, கார்டு எங்கேம்மா, எழுதி வாங்கினாயா என்று பச்சைக் குழந்தைகூடக் கேட்கும். வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? சொன்னால் சிரிப்பார்கள். முதலில் வசூலுக்கு வருகிற தனபால் கம்பெனி வாசலுக்கேதான் வருவான், வண்டியை கேட்டுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பான். வட்டிக்காரன் வாசலில் நின்றால் இந்த ஊரில் டெய்லர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும், இந்தச் சனிக்கிழமை சம்பளம் வருமோ வராதோ என்று உள்ளேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேசினார்கள். தேனிப் பக்கத்துப் புருசன் பொண்டாட்டி இரண்டு பேர், தங்கமான கை, சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கே தனபாலிடம் சொல்லிவிட்டாள், இனிமேல் இந்த வாசல் பக்கம் வரக் கூடாது, வியாழக்கிழமை நாலு மணிக்குப் பெட்ரோல் பங்க்கில் நில்லு, நானே வந்து கொடுக்கிறேன் என்று. அந்த மஞ்சள் கார்டையும் எடுத்துப் போகவில்லை. அந்த மஞ்சள் கார்டு யார் கையில் இருந்தாலும் தெருவுக்கே தெரியும் அது ராக்கியண்ணன் ஃபைனான்ஸ் என்று, பங்க்கில் நின்று அதை நீட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு அவளுக்கு உடம்பு கூசியது. நீயே ஆபீஸில் போய் எழுதிக்கோ தனபாலு என்றாள். ஃபோனில் அனுப்பலாம் என்றால் ராக்கியண்ணன் ஃபோன் பணமே தொட மாட்டார், ரொக்கம்தான். கெட்டது போ. கம்பெனியில் ஒரு கட்டு பீஸ் இந்த டேபிளிலிருந்து அந்த டேபிளுக்குப் போக வேண்டுமென்றால் சீட்டு இல்லாமல் போகாது, சீட்டு இல்லாமல் கட்டை நகர்த்தினாள் என்று அமிர்தத்தையே, தன்னுடைய சூப்பர்வைசரையே, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறாள். அந்தக் கோகிலவாணிதான் எண்பத்து நான்காயிரத்தைச் சீட்டு இல்லாமல் தூக்கிக் கொடுத்தாள். கௌரவம். கௌரவத்துக்கு வார ஆறாயிரம்.

உள்ளறையில் பாக்கிக்காரர்களை மிரட்டுகிற ஃபோன்காரன் பேசிக்கொண்டிருக்கிறான், கதவு பாதி திறந்திருக்கிறது, வேண்டுமென்றேதான் திறந்து வைத்திருப்பார்கள். உன்ற பொண்ணு எந்தக் காலேஜுன்னு தெரியும், வாசல்ல வந்து நிக்கட்டுமா, பஸ் ஏற விட்ருவனா, என்று யாரையோ கேட்கிறான், அப்புறம் அதே மூச்சில் டீக்காரரிடம் சர்க்கரை கம்மி என்கிறான். இந்தக் குரல்தான் அவளுக்கும் ஒரே நாளில் நாற்பது தடவை அடித்த குரல். அவளுக்கு அடித்தது போதாதென்று நாத்தனாருக்கு அடித்திருக்கிறான், நாத்தனார் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டு, ஏன் அண்ணி, எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ என்று எவ்வளவு பரிவாகக் கேட்டாள், அந்தப் பரிவுக்கு நாற்பது தடவை திட்டு வாங்கியிருக்கலாம். பத்து வருசமாக அந்த நாத்தனாருக்கு ஆடிச் சீர் குறையாமல் அனுப்பியிருக்கிறாள். முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள், கைக்கு வேலை வேண்டுமே என்றுதான், பயம் இல்லை. சரி, பயம்தான், என்ன இப்போது? பயந்தால் என்ன, பயந்துகொண்டே நிமிர்ந்து உட்கார முடியாதா? இதோ உட்கார்ந்திருக்கிறாளே. எதிர்ப் பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கடை வைத்திருப்பவர் மாதிரி இருக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், அவரைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நமக்கும் வந்துவிடும். சிவராசு நானும் வரேன் என்றார், வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டு வந்தாள். நல்ல மனுசர், கட்டின நாளிலிருந்து ஒரு அதட்டல் கிடையாது, ஆனால் யாரைப் பார்த்தாலும் கையைக் கும்பிட்டுவிடுவார், ராக்கியண்ணனைக் கண்டால் காலில் விழுந்தாலும் விழுந்துவிடுவார், அவர் விழுந்துவிட்டால் அப்புறம் அவள் எங்கே நிமிர்வது? கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னார். "சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணிப் போட்டு வந்துரு கோகிலம். உண்மைதான பேசப்போறே. உண்மைக்குச் சத்தியம் பண்ணறதுல என்ன?" என்ன. அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. என்ன?

ராக்கியண்ணன் ஆபீஸின் வழக்கம் அது, ஊருக்கே தெரியும். மேஜைக்குப் பின்னால் அவருடைய குலசாமி படம், படத்துக்குக் கீழே பித்தளைத் தட்டு. கட்டினேன் என்று ஒருத்தன், கட்டவில்லை என்று நோட்டு, இப்படிச் சிக்கல் வந்தால் தட்டில் கற்பூரம் ஏற்றுவார், உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அந்தத் தொகையை அப்படியே தள்ளிவிடுவார். மறுபேச்சுப் பேச மாட்டார். ராக்கியண்ணன் மத்ததுல எப்படியோ, சாமிக்குக் கட்டுப்பட்டவர் என்று அவரிடம் அடி வாங்கினவர்களே சொல்வார்கள். பொய்ச் சத்தியம் பண்ண வந்த இரண்டு மூன்று பேர் தட்டுக்கு முன்னால் கை நடுங்கி ஒத்துக்கொண்டதாகவும் கதை. ஆக, விசயம் எவ்வளவு சுலபம், பார். உள்ளே போகிறாள், தட்டில் அடிக்கிறாள், எண்பத்து நான்காயிரம் போயே போச்சு. எண்பத்து நான்காயிரம் என்றால் என்ன, நல்ல பழைய ஓவர்லாக் மெஷின் இரண்டு, இல்லாவிட்டால் மகனுக்கு ஹாஸ்டலோடு ஒரு வருசப் படிப்பு, அதை ஒரு நொடியில் உள்ளங்கையால் சம்பாதிக்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? உண்மைதானே? உண்மைதான். அப்புறம் என்ன நோவு உனக்கு? ஒன்றும் இல்லை. போய் அடி. அடிக்கிறேன். அடிக்கத்தான் வந்திருக்கிறேன். இப்படி நினைத்து முடிக்கும்போதெல்லாம் வலது கை தானாகப் போய் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறது, அவள் எடுத்து மடியில் வைக்கிறாள், அது மறுபடி போகிறது.

பத்தொன்பது வயதில் ஒரு தடவை அடித்திருக்கிறாள். பெரிய கம்பெனி, செக்கிங் டேபிள், முப்பது பெண்கள். சட்டை பன்னிரண்டு காணாமல் போய்விட்டது, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சட்டை. மானேஜர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார், பாக்கிங் அட்டைப் பெட்டி மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, கற்பூரம், ஒவ்வொருத்தியாக வா என்றார். வந்தார்கள். அவளுக்கு முன்னால் நின்றவள் அழுதுகொண்டே அடித்தாள், அவளுக்குப் பின்னால் நின்றவள் சிரித்துக்கொண்டே அடித்தாள், கோகிலவாணி ஒன்றும் பேசாமல் அடித்தாள், சுட்டது, நன்றாகத்தான் சுட்டது, கை கழுவப் போனபோது தோல் வழுவழுவென்று இருந்தது. சட்டைகள் மூன்றாம் நாள் லாரி ஷெட்டில் கிடைத்தன, எண்ணுகிறபோது விட்டுப்போனதாம். யாரும் வந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அன்று சாயந்திரம் கேட்டில் வாட்ச்மேன் முப்பது பேரின் சாப்பாட்டுப் பையையும் துழாவினானே, அதுவரைக்கும் ஒரு நாளும் துழாவாதவன், அன்றைக்குத் தட்டில் அடித்தவர்களின் பையைத்தான் துழாவினான், அடிக்காத ஆபீஸ்காரர்கள் கையை வீசிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, சத்தியம் பண்ணினவள் நிரபராதி ஆகிவிட மாட்டாள், சத்தியம் பண்ணச் சொல்லலாம் என்கிற ஆள் ஆகிவிடுவாள். அதற்கப்புறம் இந்த ஆளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பையைத் திற, கையைக் காட்டு, எங்கே போயிருந்தே. திறந்து காட்டிக் காட்டியே இரண்டு வருசம் ஓடியது. பிறகுதான் சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு பழைய மெஷின் வாங்கி, வீட்டு முன்னறையில் போட்டு, மற்றவர்களுக்குக் கைவேலை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் எட்டு, இப்போது பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அவளே பார்த்துப் பேரம் பேசி வாங்கினாள், எண்ணெய் எங்கே கசியும், எந்த ஊசி எப்போது உடையும் எல்லாம் காதாலேயே தெரியும். இருபத்தோரு பேர் வேலை செய்கிறார்கள். பதினொரு வருசத்தில் சனிக்கிழமை சம்பளம் ஒரு தடவை தவறியதில்லை, ஊரே அடைந்து கிடந்த அந்தக் கொரோனா மாதங்களில்கூட அரைச் சம்பளம் கொடுத்தாள், நகை போனது, போகட்டும். அவள் கம்பெனியில் கேட்டில் யாருடைய பையையும் துழாவ மாட்டார்கள், வாட்ச்மேனே கிடையாது, சட்டை போனால் போகட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள், ஆச்சரியம் பாருங்கள், ஒரு கைக்குட்டைகூடப் போனதில்லை. அந்த கம்பெனியைத்தான் டெம்போவில் ஏற்றுவார்களாம். ஏற்றுகிறபோது எல்லோரும் வாசலில் நின்று பார்ப்பார்கள், அமிர்தம் அழுவாள், எதிர்த்த கம்பெனிக்காரன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே டெய்லர்களுக்குச் சொல்லி அனுப்புவான். அந்தப் படம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், ஃபோன்காரன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை, அவன்தான் எடுத்தான். அட, இதற்கே ஒரு சந்தோசம். பைத்தியக்காரி, எண்பத்து நான்காயிரத்தை விட்டுவிட்டு ஒருத்தன் கண்ணை எடுத்ததற்குச் சந்தோசப்படுகிறாள் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சரி, முடிவு பண்ணியாயிற்று. அடித்துவிட வேண்டியதுதான். மெஷின்தான் பெரிது. கை என்ன கை, நாளைக்கே ஆறிவிடும். "கோகிலவாணி, வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ராக்கியண்ணன் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, அறுபது வயது இருக்கும், அதட்டுகிறவர் மாதிரியே இல்லை, அதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறாரே. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தனபால் நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் இல்லாமல் அவனை இப்போதுதான் பார்க்கிறாள், முன்தலை வழுக்கை, இளைத்துப்போயிருந்தான். அவளைக் கண்டதும், வாங்கக்கா என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உக்காரு அம்மிணி," என்றார் ராக்கியண்ணன். "சுத்தி வளைக்க வேண்டாம். பதினாலு வாரம் கட்டினேங்கறே. இவன் வாங்குலீங்கறான். நோட்டுலயும் இல்ல, உன்ற கார்டுலயும் இல்ல. நான் யாரை நம்பட்டும்?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை நாலு மணிக்குப் பெட்ரோல் பங்க்குல கொடுத்தேனுங்ண்ணா. கார்டு கொண்டு போகாதது என்ற தப்பு. அதை ஒத்துக்கறேன்."

"தனபாலு?"

"இல்லீங்," என்றான் தனபால், தரையைப் பார்த்து.

"செரி. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும்." எழுந்து தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், கற்பூரத்தை அவரே பிய்த்து வைத்து ஏற்றினார், அந்த வாசம் குப்பென்று வந்தது. "அணைச்சுப் போடு. கட்டினேன்னு ஒரு வார்த்தை. பதினாலு வாரத்தை இப்பவே அடிச்சர்றேன். மீதி எம்பத்தி நாலு, அபராதம். அதைப் பேசிக்கலாம்."

இதோ, கை வந்துவிட்டது, மடியிலிருந்து மேஜைவரைக்கும் வந்துவிட்டது, தீ நீளமாக எரிகிறது, கரும்புகை அவர் கண்ணாடிப் பக்கமாகப் போகிறது, உண்மைதானே பேசப்போறே கோகிலம், ஆமாம், உண்மைதான், அப்புறம் ஏன் இந்தக் கை இங்கே நின்றுவிட்டது, போ, போகிறது, இல்லை, நிற்கிறது, இத்தனை வருசத்துக்கு அப்புறமும் இது அந்த முப்பது பெண்களில் ஒருத்தியின் கையா, வரிசையில் வா என்றால் வருகிற கையா, இன்றைக்கு அடித்தால் நாளைக்கு இவர் வேறொன்றுக்கும் தட்டை வைப்பார், வைக்காவிட்டாலும் வைக்கலாம் என்கிற ஆளாக நான் இருப்பேன், நான் சொன்னேன், அது போதாதா, கோகிலவாணி சொன்னது போதாதென்றால் இந்தச் சூடம் வந்தா என்னைத் தூக்கி நிறுத்தப் போகிறது? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது அது எங்கேயும் ஒளியவில்லை.

"மாட்டேனுங்ண்ணா."

ராக்கியண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "அப்பக் கட்டலியா?"

"கட்டினேன். சொல்லிட்டேன். அதுக்கு மேல கையைச் சுட்டுக் காட்ட மாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா அம்மிணி? எம்பத்தி நாலாயிரம்." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, பணம் கேட்கிறபோதெல்லாம் வராத கோபம். "செரி, நீ பண்ண வேண்டாம். இவன் பண்ணட்டும். டேய், வாங்குலீன்னு அணைடா."

தனபால் ஒரு அடி முன்னால் வந்தான். கை நீண்டது. நடுங்கியது, சட்டைக் கைநுனிகூட நடுங்கியது, ராக்கியண்ணன் அதைப் பார்த்தார், கோகிலவாணியும் பார்த்தாள், ஃபோன்காரன்கூடக் கதவோரத்திலிருந்து பார்த்தான், அந்த அறையில் இருந்த யாருக்கும் இனிமேல் தெரிய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. இன்னும் இரண்டு நொடி சும்மா இருந்தால் போதும், ஒன்று அவன் உடைந்துவிடுவான், எண்பத்து நான்காயிரம் தானாகத் திரும்பி வரும். இல்லாவிட்டால் அடித்துவிடுவான், அடித்துவிட்டால் அவள் பொய்க்காரி. அட ராமா, என் நாணயம் கடைசியில் இந்தத் தனபாலின் உள்ளங்கையிலா வந்து உட்கார்ந்திருக்கிறது? அந்த நினைப்புத்தான் அவளைப் பிடித்துத் தூக்கிவிட்டது. எழுந்தாள், மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துத் தட்டில் ஊற்றினாள். சொய்யென்று அணைந்தது.

"அவனும் பண்ண வேண்டாம்," என்றாள். "நான் கொடுத்தேனா இல்லையான்னு இவன் சொல்லித்தான் தெரியணும்னு எனக்கு ஒண்ணும் இல்லீங். பதினாலு வாரத்தையும் மறுக்காவும் கட்டறேன். ஒரு லட்சத்து அறுவத்தெட்டு. ஆனா சும்மா இல்ல. ரெண்டு தடவை வாங்கற பணத்துக்கு நான் சொல்றதையும் கேக்கோணும்."

ராக்கியண்ணன் நனைந்த தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உட்கார்ந்தார். வியாபாரி அல்லவா, கோபத்தைவிடக் காது சீக்கிரம் திறந்துகொண்டது. "சொல்லு," என்றார்.

சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது, ஆர்டர்காரனிடம் பீஸ் ரேட் பேசுகிற குரலில் ஒவ்வொன்றாக வந்தது. அபராதம் ஒரு பைசா கிடையாது. வாரம் ஆறாயிரம் முடியாது, நாலாயிரம், நாற்பத்திரண்டு வாரம். கடன் பத்திரம் இந்தத் தொகை எழுதி அவரிடமே இருக்கட்டும், ஐந்து வெற்றுச் செக்கும் இப்போதே, இந்த மேஜையிலேயே அவள் கைக்கு வர வேண்டும். ஃபோன்காரன் இனி அவளுக்கும் அடிக்கக் கூடாது, அவள் சொந்தக்காரருக்கும் அடிக்கக் கூடாது. மெஷின் என்ற வார்த்தையே இந்த ஆபீஸில் யார் வாயிலும் வரக் கூடாது. ராக்கியண்ணன் வாரம் ஐயாயிரம் என்றார், அவள் நாலாயிரம் என்றாள். செக்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார், அப்படியானால் பதினாலு வாரமும் இல்லை, போலீஸ் ஸ்டேசனில் பேசிக்கொள்ளலாம், இவனையும் கூட்டி வாருங்கள் என்று தனபாலைக் கண்ணால் காட்டினாள். ராக்கியண்ணன் தனபாலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர் பீரோவைத் திறந்தார். ஐந்து செக்கையும் அவள் ஒவ்வொன்றாக வாங்கி, தன் கையெழுத்தைப் பார்த்து, நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், அவர் குப்பைத் தொட்டியில் போட அவளுக்கு மனசில்லை.

"இன்னொண்ணு," என்றாள் எழுந்து. "வசூலுக்கு இவனே வரோணும். இவனை வேலையை விட்டு அனுப்பிட்டு வேற ஆளை அனுப்பினா வாங்கிக்க மாட்டேன். வியாழக்கிழமை வேண்டாம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு, என்ற பிள்ளைங்களுக்குச் சம்பளம் போட்டு முடிச்சதும். கார்டுல அங்கயே எழுதிக் கையெழுத்துப் போடோணும்."

ராக்கியண்ணன் சிரித்துவிட்டார், சந்தோசமாகச் சிரித்தாரா வேறு வழியில்லாமல் சிரித்தாரா தெரியவில்லை. தனபால் சிரிக்கவில்லை. அவன் முகம் கற்பூரம் எரிந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் மோசமாக இருந்தது.

படி இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், எண்பத்து நான்காயிரம், மகராசி, எண்பத்து நான்காயிரத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வருகிறாய், சிவராசுவிடம் என்ன சொல்வாய், பையன் ஃபீஸுக்கு என்ன பண்ணுவாய், ஒன்றரை ஷிப்ட்டை இரண்டு ஷிப்ட்டாக ஓட்ட வேண்டும், நாமே ஒரு மெஷினில் உட்கார வேண்டும், உட்காரலாம், கை மறந்தா போய்விட்டது. கணக்கு அப்படி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் நெஞ்சுக்குள் ஒரு கொட்டு மேளமே அடித்தது, அதை அவளால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் இல்லை. தெருவில் வெயிலுக்குக் கண் கூசியது. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம், அக்கா, அக்கா என்று. திரும்பினாள். தனபால். என்னவோ சொல்ல வாயெடுத்தான், கண் கலங்கியிருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவிட்டால் அதை அவள் கேட்க வேண்டும், கேட்டால் மன்னிக்க வேண்டும், இல்லை மன்னிக்க மாட்டேன் எனச் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் இப்போது அவளுக்கு நேரமில்லை.

"சனிக்கிழமை அஞ்சு மணி தனபாலு," என்றாள். "பேனா மறக்காம கொண்டா."

அவள் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது, பன்னிரண்டும் ஓடுகின்றன, ஒன்றுகூட நிற்கவில்லை.

"அமிர்தம், சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ராக்கியண்ணன் ஃபைனான்ஸ்ல இருந்து ஆள் வருவான்."

"ஐயோ அக்கா! மெஷினைத் தூக்கறதுக்குங்களா?"

"இல்ல புள்ளே. பணம் வாங்கறதுக்கு. வாரா வாரம் வருவான். வாசல்ல நிக்க வெச்சராத. உள்ள கூட்டிட்டு வந்து நடு லைன்ல நாற்காலி போட்டு உக்கார வை."

அமிர்தம் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எல்லார்த்துக்கும் தெரிஞ்சு போயிருமேக்கா."

"தெரியட்டும்," என்றாள் கோகிலவாணி, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "கோகிலவாணி கடன் வாங்கியிருக்கா, கட்டறா. ரெண்டும் தெரியட்டும்."